நெல்மணிப் பதக்கம்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எட்டாவது வரைதான் படித்தேன். உறவுக்காரர்களுக்குக் கடிதம் போட்டதைத் தவிர வேறு எழுதிப் பழக்கம் கிடையாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனால் எங்கள் அத்தையைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் துணிந்துவிட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தபோது அத்தைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பகலில் நெசவுக்காரர் வீட்டுக்குப் போய்த் தறிக்கு நூல் சுற்றித் தருவாள். திரும்பி வரும்போது, அவர்களிடம் கேட்டு வாங்கிய அறுந்த பட்டு நூலும் ஜரிகைத் துணுக்கும் முந்தானையில் முடிந்திருக்கும். கை கால் கழுவியதும் நகை செய்ய உட்கார்ந்துவிடுவாள்.

தங்கமா வெள்ளியா என்று கேட்காதீர்கள். புளியங்கொட்டை, சுரை விதை, உடைந்த வளையல், சோளத்தட்டை, எது கிடைத்தாலும் அவளுக்கு நகைதான். வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால் ஒரு வில்லையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "கொழம்பு கொதிச்சி வத்திப் போவுது, அங்க இன்னாடி ஜோசியம் பாத்துக்கினு கீற?" என்று கத்துவாள். இரண்டு நாளில் அந்த வெண்டைக்காய் வில்லை அத்தையின் காதில் தோடாகத் தொங்கும். மழையில் சுருண்டு கிடந்த மரவட்டையைப் பார்த்து எனக்கு ஒரு மோதிரம் செய்துகொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் இருந்தவள் அலறிக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள்.

கருவேல மரத்தில் காய் காய்த்துத் தொங்குவதைப் பார்த்தால் அத்தைக்கு ஆற்றாமையாக இருக்கும். "எவ்ளோ நேக்கா மணி மணியா கோத்துத் தொங்கவுட்டு கீது பாரு. கடைசில ஆடு துன்னுட்டுப் போவுது."

திருப்புலிவனம் சிவன் கோயிலுக்கு என்னை அடிக்கடி அழைத்துப் போவாள். அம்மா அதைப் பக்தி என்று நம்பினாள். அத்தை சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகத் தூணுக்கு வந்துவிடுவாள். தூணில் ஒரு பெண் சிலை. அதன் கழுத்தில் மூன்று சரமும், அதற்குக் கீழே விரிந்த பூவைப் போல ஒரு பதக்கமும் இருக்கும். மூக்கு உரசுகிற மாதிரி நின்று அதைப் பார்ப்பாள். பிறகு பிராகாரத்து மண்ணில் குச்சியால் வரைவாள், அழிப்பாள், மறுபடி எழுந்துபோய்ப் பார்ப்பாள். எனக்குக் கால் வலிக்கும்.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு, எங்கள் ஊர் அம்மனுக்கு அந்தப் பதக்கத்தைச் செய்து போடுவது என்று தீர்மானித்தாள். ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் வரும். நெசவுத் தெருப் பெண்களும் வருவார்கள். இத்தனை நாளும் "கொட்டைப் பொறுக்கி" என்று சிரித்தவர்கள் அன்றைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும், யார் செய்தது என்று கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

நெல்லில் செய்வதாக முடிவானது. ஆனால் காய்ந்த நெல்லில் ஊசி இறங்கவில்லை, மணி பிளந்துபோனது. அப்போதுதான் நைனா நாற்றங்காலுக்காக விதை நெல்லைச் சாக்கில் கட்டிக் கிணற்றுத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார். அத்தை சாக்கின் வாயைப் பிரித்து இரண்டு கை அள்ளிக்கொண்டாள்.

"ஊறின நெல்லுன்னா வெண்ண மாதிரி எறங்குதுடி. உங்க நைனாகிட்ட வாயத் தொறந்தேன்னா, ஊசிய உன் நாக்குல எறக்கிடுவேன்."

நான் திறக்கவில்லை. ஒவ்வொரு மணியிலும் கூர்நுனிப் பக்கமாக ஊசியை விட்டு, காம்புப் பக்கம் வெளியே நிற்கும்படி கோத்தாள். சிலவற்றுக்கு மஞ்சள் பூசினாள், சிலவற்றுக்குக் குங்குமம். ஓரத்துக்கு ஜரிகை. மூன்று சரம், விரிந்த பூப் பதக்கம். தூணில் இருந்தது அப்படியே இறங்கி வந்த மாதிரி இருந்தது. அம்மாகூடக் கையில் வாங்கிப் பார்த்தாள், திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டும் நேரத்தில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நாட்டாமைக்காரர் சம்சாரம் காஞ்சிபுரத்திலிருந்து பளபளவென்று ஒரு கவரிங் ஆரம் வாங்கி வந்து தட்டில் வைத்திருந்தாள்.

பூசாரி அத்தையின் மாலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இது? அம்மனுக்கு நகை கொண்ணாந்தியா, கோழிக்குத் தீனி கொண்ணாந்தியா?"

"கொஞ்சம் கிட்ட வச்சிப் பாரு மாமா. திருப்புலிவனத்துத் தூணு."

"தூணா?"

"தூணுல கீற பொம்பள போட்டுக்கினு கீறது."

நாட்டாமைக்காரர் சம்சாரம் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் பூசாரிக்கு மனசு இளகிவிட்டது. "சரி, குடு. இப்பத்திக்கி உள்ள போட்டு வைக்கிறேன். ஞாயித்துக்கெழம அலங்காரத்துல மேல தெரியறாப்புல போடறேன், போ."

அம்மன் கழுத்தில் நெல்மாலை ஏறியது. அதன்மேல் கவரிங் ஆரம், அதன்மேல் வேப்பிலை மாலை, பூமாலை. ஒவ்வொரு வேளையும் மஞ்சள் தண்ணீர் அபிஷேகம். இங்கே வீட்டில் நைனா ஊறிய மூட்டையைக் கரையேற்றி, வைக்கோல் போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி போதவில்லை. அத்தைக்குப் போதும், ஆனால் அவள் நினைப்பெல்லாம் பதக்கத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. கூழ்ப் பானைகளோடு சனம் நெருக்கித் தள்ளியது. அத்தை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். திரைக்கு உள்ளே பூசாரி பழைய மாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று, "தாயே!" என்று ஒரு அலறல். திரை விலகியது.

அம்மன் கழுத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று முளை. நுனியில் ஊசி ஊசியாகப் பச்சை. சரமும் தெரியவில்லை, பதக்கமும் தெரியவில்லை.

மேளக்காரர் அடித்த அடியில் காது அடைத்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாட்டாமைக்காரர் சம்சாரத்துக்கு அருள் வந்துவிட்டது. தலையை விரித்துப்போட்டு, "எனுக்குப் பித்தள வேணாண்டா! நெல்லு போதுண்டா!" என்று ஆடினாள். அந்தப் பித்தளையை வாங்கி வந்ததே அவள்தான் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பூசாரி கவரிங் ஆரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வெளைச்சலு பிச்சிக்கினு போவப்போவுது!" என்றார் ஒரு பெரியவர். "ஆளுக்கு ஒரு மொளை குடு பூசாரி, வெதையோட கலந்துக்கறோம்." உடனே நூறு கை நீண்டது. பூசாரி சரத்தை அறுத்தார்.

"மாமா, அறுக்காத! அது நான் கோத்தது!" என்று அத்தை கத்தினாள்.

பக்கத்தில் நின்ற நெசவுத் தெருக்காரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நீதான் கோத்த, கண்ணு. மொளைக்க வச்சது அவ இல்ல?"

பதக்கம் மணி மணியாகப் பிரிந்து ஊருக்குப் போனது. அத்தையின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளுக்கும் அருள் வரப்போகிறது என்று நினைத்து நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

நைனாவும் ஒரு முளையை வாங்கி வந்தார். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அம்மா அவர் காதருகில், "ஊரே கும்புட்டுக்கினு கீது, சும்மா இரு" என்றாள். சாமி சந்நிதியில் நைனா எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கூழ் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். எனக்கு ஒரே பெருமை. அத்தை செய்த மாலையைத்தானே ஊர் முழுக்கக் கும்பிட்டது? இதைவிட ஒரு நகைக்கு என்ன வேண்டும்? ஏரிக்கரை தாண்டிய பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"ஒருத்தராவது அந்தப் பதக்கத்தப் பாத்தாங்களாடி?"

"அம்மன் பாத்திருக்கும் அத்தை."

அத்தை நின்று என்னைப் பார்த்தாள்.

"அது அம்மன் கழுத்துக்குக் கீழ தொங்கிக்கினு இருந்திச்சி. கண்ணாடியும் கெடையாது. அவ எப்பிடிடி பாத்திருப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பூவெல்லாம் உதிர்கிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அழுகை போய்விட்டது, அத்தை சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அத்தை எதிர்வீட்டில் பூசணி விதை கேட்டு வாங்கப் போயிருந்தாள்.