வெறுங்கையோடு கடலைப் பார்க்க

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒன்றை எழுதாமல் விட மாட்டேன்.

என் மகன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வரும் டக் படகில் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் அவனுக்கும் லீவு கிடைத்தது. எங்கே போகலாம் என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு. மருமகள் கொடைக்கானல் என்றாள். கடைசியில் ஒரு மரியாதைக்கு என்னிடமும் கேட்டான். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறவள் நான். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

"கடலப் பாத்தாப்ல ஒரு வீடு எடு," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "எம்மா, மாடியில ஏறி நின்னா கடல்தான?" என்றான் மகன்.

மாடியில் ஏறினால் தெரிவது கிரேன்களின் தலையும் நிலக்கரிக் குவியலும். நடுவே ஒரு முழம் நீலம். அதையா கேட்டேன்? மருமகளின் போனில் ஒரு படம் பார்த்திருந்தேன். கீழவைப்பார் பக்கம் கடற்கரையில் வாடகைக்கு விடும் ஒரு காட்டேஜ். அதன் வராந்தாவில் என் வயதுள்ள ஒரு அம்மாள் நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை.

அந்த வெறுங்கைதான் விஷயம். எங்கள் கடற்கரைத் தெருக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் ஒரு பொம்பளை கடலுக்கு முகம் காட்டி உட்கார வேண்டுமானால் கையில் வேலை இருக்க வேண்டும். கருவாடு புரட்டலாம், இறால் உரிக்கலாம். சும்மா உட்காரக் கூடாது. உட்கார்ந்தால், கடலுக்குப் போன யாரோ திரும்பவில்லை என்று அர்த்தம். "யாரு வரல?" என்று கேட்டுக்கொண்டு தெருவே ஓடி வந்துவிடும்.

நானும் அப்படி ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். ஒரு தடவை தோணியைப் பற்றித் தகவலே இல்லை. கச்சான் காற்றில், அதுதான் மேல்காற்றில், மாட்டியது என்று ஞாபகம். சோறு தண்ணி இல்லாமல் மற்ற பெண்களோடு கரையில் கிடந்தேன். அவர் வந்து சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, தன் கட்டிலில் படுத்துத்தான் போனார். ஆனாலும் கடலைப் பார்த்தால் எனக்கு அந்த உட்கார்ந்திருப்புதான் நினைவுக்கு வரும். யாருக்காகவும் இல்லாமல் ஒரு நாளாவது அதைப் பார்த்துவிட வேண்டும். இதை ஆசை என்றுகூடச் சொல்ல மாட்டேன். பிடிவாதம்.

மகன் அந்த வீட்டையே பேசி முடித்தான். செய்தி என் நாத்தனார் காதுக்குப் போனது. வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மைனி, கடலப் பாக்க துட்டு குடுத்துப் போறியளாமே? மீனுக்குத் தண்ணி காட்ட டிக்கெட்டு போட்ட கதையால்ல இருக்கு!"

"ஏளா, போனா என்ன?"

"ஊரு சிரிக்கும், வேற என்ன? சரி, போறதுதான் போறிய, கையில இறாலோ கிறாலோ வச்சி உரிச்சிக்கிட்டு இருங்க."

"லீவுக்குப் போயி இறால் உரிக்கவா?"

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். நாத்தனாருக்கு முகம் மாறிவிட்டது.

"சிரிங்க. அண்ணன் போயாச்சி. இனி யாரு வரணும்னு மைனி அங்கன உக்காரப் போறாக? ஒத்த மவன் தண்ணி மேல வேல பாக்கான். அத நெனச்சாகளா?"

சும்மா உட்கார்ந்தால் அது மகனுக்கு அபசகுனமாகிவிடுமோ என்று எனக்கும் ஒரு பயம் வந்தது. பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் மகன் மெதுவாகச் சொன்னான்: "எம்மா, அதே இடத்துல தோட்டத்தப் பாத்த வீட்டுக்கு மாத்திட்டேன். அத்தை சங்கடப்படுதாக. அங்கனயும் கடல் சத்தம் நல்லா கேக்குமாம்."

சத்தம்! வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைத்தானே கேட்டிருக்கிறேன்.

முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் மகன் வேலைக்குப் போனதும் மருமகளிடம் அந்த நம்பரைப் போட்டுத் தரச் சொன்னேன். காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறவர் எடுத்தார்.

"அண்ணாச்சி, எம் மவன் தோட்டத்துப் பக்கம்னு சொல்லிருக்கான். அது வேண்டாம். கடல் பாத்த வீடுதான் வேணும்."

"நீங்க எந்த ஊரு ஆச்சி?"

"தூத்துக்குடிதான். கடக்கரத் தெரு."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரும் கடல்ல இருக்காகளா, ஆச்சி?"

அவரும் நம் கரைக்காரர்தான் என்று தெரிந்துபோனது.

"யாரும் இல்ல. கடலுக்குப் போற ஒத்த ஆளும் எங்கூடத்தான் வாரான். நான் சும்மா பாக்கணும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப வராந்தால நாற்காலி போட்டு வைக்கட்டா?"

"ரெண்டு போடுங்க. ஒண்ணு கால் நீட்ட."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "மாமி, இத்தன நாளும் இந்த வாய எங்க வச்சிருந்திய?" என்றாள் மருமகள்.

மகன் இதைக் கேட்டுவிட்டு, "அத்தைகிட்ட நீயே சொல்லிக்கோம்மா," என்றான். போய்ச் சொன்னேன். நாத்தனார் இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. அவளும் அந்த நாட்களில் என் பக்கத்தில் கரையில் கிடந்தவள்தான்.

"ஒரு செபமாலையாவது கையில வச்சிக்கிடுங்க மைனி. பாக்குறவங்களுக்கு ஒரு பதிலாச்சி."

"செபமாலை சாயங்காலத்துக்கு இருக்கு, ஏளா. பகல்ல எங் கை சும்மாதான் இருக்கும். எவளாவது வந்து யாரு வரலன்னு கேட்டா, நான் வந்துட்டேன்னு சொல்லுவேன்."

சனிக்கிழமை கிளம்புகிறோம். தோணி மாட்டியது கச்சான் காற்றிலா, கீழ்க்காற்றான கொண்டலிலா என்று எழுதும்போதே எனக்குக் குழம்பிவிட்டது. நாத்தனாருக்குத்தான் அது சரியாகத் தெரியும். யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டி, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அவள் பேசியதை நான் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளட்டும். நான் சொன்ன பதிலில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.