என் கிணற்றின் மேல் விழுந்த பழி

ஆரணியில் என் சாயப் பட்டறையைத் தெரியாத பட்டுக்காரன் கிடையாது. நாலாவதோடு படிப்பை விட்டவன் நான். கூலிக்கு நூல் பிழிந்து, சொந்தப் பட்டறை போட்டு, படவேடு ரோட்டில் நெல் வயலும் கிணறும் வாங்கினேன். தண்ணீர் நல்லதா என்று சொல்ல எனக்கு மிஷின் வேண்டாம். பட்டு வேகவைக்கிற சோப்பைக் கரைத்துப் பார்ப்பேன். நுரை நின்றால் நல்ல தண்ணீர். என் கிணற்றுத் தண்ணீரில் நுரை அண்டாவை விட்டு வழியும். பட்டறைக்கும் வீட்டுக்கும் அதுதான் டிராக்டரில் போகும்.

ஒரு காலேஜ் பெண் மழை பெய்யும்போதெல்லாம் வந்து, என் வயலோரக் கால்வாயில் பாட்டிலை முக்கி எடுத்துக்கொண்டு போனாள். வயலில் போடுகிற யூரியா எவ்வளவு தண்ணீரோடு போகிறது என்று வருஷக்கணக்காகப் பார்க்கிறார்களாம். யூரியாவுக்காக யாராவது மழையில் நனைவார்களா? சாயக்காரன் கிணறு கெட்டுப்போச்சு என்று சீல் வைக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"ஏம்மா, யார் உன்னை அனுப்பினது? எதிர்ப் பட்டறைக்காரனா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா. இந்தப் பக்கம் பூரா எடுத்துகினு இருக்கோம்."

"அப்ப என் கிணத்துலயும் எடு. நுரையைப் பாத்தே சொல்றவன் நான். நல்ல தண்ணி எப்படி இருக்கும்னு உங்க காலேஜும் பாக்கட்டும்."

நானே பாட்டிலை நிரப்பி, மூடியில் பட்டு நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். வழியில் மாற்றிவிட்டால்?

அடுத்த மழைக்கு வந்தவள், கால்வாயை விட என் கிணற்றில்தான் உர உப்பு அதிகம் என்றாள்.

"வயல்ல போட்டதுதான் மண்ணுக்குள்ள இறங்கி அங்க சேர்ந்திருக்குங்க. நுரையில அது தெரியாதுங்க. வீட்ல கைக்குழந்தை இருந்தா, இதுல பால் பவுடர் கலக்காதீங்க. காய்ச்சினாலும் போவாது."

வீட்டில் பேத்தி பிறந்திருந்த சமயம். மருமகள் அன்றைக்கே கேன் தண்ணீர் இறக்கிவிட்டாள்.

"கேன்காரன் அந்தப் பொண்ணுக்குக் கமிஷன் தரானோ என்னவோ," என்றேன்.

"தரட்டுமே மாமா. குழந்தை என்னுது."

என்னிடம் இப்படிப் பேச ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

யார் கிணறு என்று சொல்லாமல் வேலூரில் தண்ணீர் சோதிக்கிற வேறொரு இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. இரண்டு பேரும் பேசிவைத்திருப்பார்களோ?

இந்த சம்பாவுக்கு யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நம்பி இல்லை, அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான். "கிணறு தேற வருஷக்கணக்காகுங்க ஐயா," என்கிறாள். அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைப்பு போலிருக்கிறது. மழை பெய்தால் அவளுக்கு முன்னால் நான் பாட்டிலோடு கிணற்றடியில் நிற்கிறேன்.