மலை ரயிலில் ரவியும் நானும்

அழுகிய பலாச்சுளையும் சூடேறிய கிரீஸும் கலந்த நாற்றம். நெய்வேலிப் பொருட்காட்சியின் "மலை ரயிலை" நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறுகிறது. சவுக்குக் கம்பங்கள் நட்டு, பலகை அடித்து, மேடும் பள்ளமுமாய்ப் போட்டிருந்த பாதையில் மரப்பெட்டிகளை ஆட்கள் கயிறு கட்டி உச்சிவரை இழுத்து விட்டுவிடுவார்கள். பெட்டி தடதடவென்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, வைக்கோல் பொதியில் முட்டி நிற்கும். பலாப்பழக் காலம் என்பதால் வாசலில் சுளை வாங்கி வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறியவர்கள் பெட்டியிலேயே கக்கிவைக்க, அதன்மேல் ஒரு கை சாம்பலை அள்ளித் தூவிவிட்டு அடுத்த ஆளை உட்காரவைத்தார்கள்.

அவ்வளவு அருவருப்பான அந்தப் பெட்டியில், ரவியோடு, ஒரே ஒரு முறை ஏறிவிட வேண்டும் என்று நான் கிடந்து தவித்தேன். பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அவன் அப்பா சுரங்கத்தில் "பர்மனெண்ட்". திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். என் அப்பா அதே சுரங்கத்தில் "கான்ட்ராக்ட்". எங்கள் தெரு, டவுன்ஷிப்புக்கு வெளியே, ஊரைவிட்டும் தள்ளியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதெல்லாம் ரவிக்கு ஒரு பொருட்டில்லை. அவன் அம்மாவுக்குப் பொருட்டாக இருந்தது.

நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஓடிவந்தார். "ஏலே, அவன்கூட எதுக்குல உக்காருத? எறங்கு! ஒத்தையாப் போ."

"ஒண்டியா வுட்டா பெட்டி சாஞ்சிடும்மா," என்று சீட்டுக் கிழிப்பவர் சொல்லி முடிப்பதற்குள் கயிறு இழுபட்டுவிட்டது.

"வாந்தி வந்தா முழுங்கிடுங்க தம்பி, கீழ நாங்கதான் நின்னுக்கினு இருக்கோம்!" என்று இழுத்தவர்களில் ஒருவர் கத்த, நாங்கள் சிரித்தோம்.

முதல் இறக்கத்தில் சிரிப்பு போயிற்று. ரவி முன்பக்கம் எகிறினான். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். அவன் தின்ற சுளையெல்லாம் வெதுவெதுப்பாக என் கழுத்தில் கொட்டி, சட்டைக்குள் வழிந்து, தொப்புளில் போய்த் தேங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெட்டி நிற்கும்வரை பிடியை விடவில்லை.

அவன் அம்மா குடத்துத் தண்ணீரோடு காத்திருந்தார். ரவியின் வாயெல்லாம் வாந்தி, மார்பெல்லாம் வாந்தி. அவர் முதலில் கழுவியது, நான் பிடித்திருந்த அந்த மணிக்கட்டை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகுதான் வாய். எனக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

"நல்லா புடிச்சிக்கினியாடா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்திலிருந்து வந்த என் அப்பா, தன் தலைத்துண்டால் என் கழுத்தைத் துடைத்தார். "சரி, வுடு. வூட்டுக்குப் போயி குளிச்சிக்கலாம்." விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ரவி வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது பொருட்காட்சிக்கு மின்சாரத்தில் ஓடும் இரும்பு ராட்டினம் வருகிறது. மலை ரயில் வருவதில்லை. அதன் பலகைகளை யார் விறகாக்கினார்களோ. போன மாதம் பண்ருட்டி பஸ்ஸில் ரவியின் அம்மாவைப் பார்த்தேன். எனக்குச் சுரங்கத்தில் "பர்மனெண்ட்" ஆனது அவர் காதுக்கு எட்டியிருந்தது. வாயெல்லாம் சிரிப்பாக நகர்ந்து, பக்கத்து இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "உக்காருப்பா, நம்ம ரவி கூட்டாளிதானே நீ!" என்றார்.

பண்ருட்டிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.