வெம்பக்கோட்டையில் மூன்று வாசல் வைத்த ஒற்றை அறை

பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் கட்டட வரைபடம் கற்றுக்கொடுத்தேன். சுவர், வாசல், வெளிச்சம், இடைவெளி என்று அறை வடிவமைப்பின் அடிப்படைகளைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு வீடு கட்டியதில்லை. ஆபத்தை மனத்தில் வைத்தே கட்டப்படும் பட்டாசு அறைகளை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

விருதுநகரில் காலை 7.20 பஸ். சிவகாசிக்கு 26 கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். அங்கிருந்து வெம்பக்கோட்டை பஸ், ஆறு ரூபாய். ஊருக்குச் சற்று முன்னால் இறங்கி ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு நடந்தேன்.

"ஞாயித்துக்கெழம லீவுன்னு தெரியாதா சார்? வேல நாள்லயும் உள்ள விடமாட்டாக," என்றார் காவலாளி.

பஸ் நேரமெல்லாம் குறித்துவைத்தவன் இதை விட்டுவிட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பொட்டல் வெயிலில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்ன வெள்ளை அறைகள். ஒவ்வொன்றிலும் சுவரைவிடக் கதவே அதிகம்.

ஊருக்குள் டீ குடிக்கப் போகும் வழியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே அறை. அதற்கு மூன்று சுவர்களில் மூன்று கதவு நிலைகள். வியந்து நின்றதோடு, கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்று சொல்லியும் தொலைத்தேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். கட்டில் எங்கன போடுறது, பீரோ எங்கன வைக்கிறது? இந்தம்மா கேட்டது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் கொத்தனார். முன்வாசலை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மதியத்துக்குள் அடைத்துவிடப் போகிறாராம்.

செங்கல் சுமந்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மா மாரியம்மாள், "அடைச்சா நான் குடிவர மாட்டேன் அண்ணாச்சி," என்றார். பிறகு என்னிடம், "பட்டாசு ரூம்ல பன்னெண்டு வருசம் சார். நாலு பக்கமும் கதவு, அம்புட்டும் வெளிய பாத்துத் தெறக்கும். ஏதாச்சும்னா ரெண்டு எட்டுல வெளிய. ஒத்தக் கதவு வீட்ல படுத்தா எனக்குக் கண்ணு மூடமாட்டேங்குது."

வாய் திறக்கப் பயமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் ஆயுள் முழுக்க அதில் படுக்கப்போவது அவர். ஆனாலும் டைரியில் வரைந்து காட்டினேன். பக்கவாட்டு நிலையை அடைக்கலாம். பின்சுவர் நடுவில் இருக்கும் நிலையைப் பிடுங்கி இடது மூலைக்குத் தள்ளினால், நீளச் சுவர் இரண்டும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் மிஞ்சும்.

மாரியம்மாள் டைரியைப் பார்க்கவே இல்லை. வலது சுவரோரம் மண்தரையில் படுத்தார். சட்டென்று எழுந்து நான் சொன்ன மூலைக்கு ஓடினார்.

"அஞ்சு எட்டு! இந்தா, இங்கன தலை வச்சுப் படுப்பேன். சார் போட்ட கதவு பீரோ தப்பிச்சுப் போறதுக்கா?"

கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். கூச்சத்தோடு வலது மூலை என்று திருத்தினேன். மறுபடி படுத்து, எழுந்து, ஓடினார். இரண்டே எட்டு.

"கதவு வெளிய பாத்துத்தான் தெறக்கணும் அண்ணாச்சி."

"மழையில ஊறும் தாயி."

"ஊறட்டும். நானா ஊறப்போறேன்?"

கொத்தனார் கடப்பாரையை எடுத்தார். நிலை மூலைக்குப் போய் நிற்கும்வரை இருந்து பார்த்துவிட்டு, 3.10 பஸ்ஸைப் பிடித்தேன்.

போகிறவர்களுக்கு: கம்பெனி அனுமதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், தொப்பியும் தண்ணீரும் அவசியம். கட்டுகிற வீட்டைப் பற்றி யாராவது யோசனை கேட்டால், பென்சிலை எடுப்பதற்கு முன் அவர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார் என்று கேளுங்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு வகுப்பிலும் நான் அதைக் கேட்கச் சொன்னதில்லை.