செவலையின் ஈறுகள்

மக்காச்சோள மூட்டைகளைப் பின்கட்டு அறையில் அடுக்கிய மறுநாள் எலி மருந்து வாங்கி வந்தேன். நீல நிறக் கட்டி, எட்டுத் துண்டுகள். எந்தத் துண்டு எந்த மூட்டைக்குப் பின்னால் என்று டைரியில் குறித்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். எங்கள் செவலைப் பூனை உள்ளே நுழைய வழியில்லை. அதையும் குறித்தேன்.

ஏழாம் நாள் செவலை கட்டிலடியை விட்டு வரவில்லை. மீன் தலை வைத்தும் எழவில்லை. என் மனைவி அதன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. மூக்கோரம் ஒரு சொட்டு ரத்தம்.

வெங்காயக் கூடையில் துண்டு விரித்துப் படுக்க வைத்து, பாடாலூரிலிருந்து பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரிக்கு பைக்கில் கிளம்பினோம். அவள் வழியெல்லாம் கூடைக்குள் கையை வைத்தபடியே வந்தாள்.

"மூச்சு இருக்குங்க. குலுங்குது, மெதுவாப் போங்க" என்றாள். அடுத்த நிமிடமே, "என்னங்க, உருட்டிக்கிட்டே போறீங்க?" என்றாள்.

டாக்டரம்மா ஈறைப் பார்த்ததும் கேட்டார். "வீட்ல எலி மருந்து வச்சீங்களா?"

"வச்சேங்க. ஆனா பூனை அதத் தொடவே முடியாது. ரெண்டு துண்டுதான் கொறஞ்சிருக்கு, ரெண்டும் எலி தின்னது. எழுதியே வச்சிருக்கேன்."

"தின்ன எலி எங்க போச்சுன்னு எழுதுனீங்களா சார்?"

எழுதவில்லை.

"அது உடனே சாகாதுங்க. நாலஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டே வெளிய திரியும். பூனை, ஆந்தை, கீரி, எதுக்கும் சுலபமா மாட்டும். அத தின்னா இதுங்களுக்கும் ரத்தம் உறையாது."

ஆந்தை என்றதும் டைரியில் கடைசியாக எழுதிய பக்கம் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் காலை வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை ஆந்தை செத்துக் கிடந்தது. புதைத்துவிட்டு, 'வயதாகியிருக்கும்' என்று எழுதியிருந்தேன்.

வைட்டமின் கே ஊசி போட்டார். "இன்னிக்குத் தாண்டிட்டா பொழச்சுக்கும். மாத்திரைய ஒரு மாசம் விடாம குடுங்க. தேறிருச்சேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க."

தாண்டியது. மிச்சத் துண்டுகளை அன்றே அகற்றிவிட்டு, எலிப்பொறி வைத்தேன். அவள் மாத்திரையைப் பொடித்து, அவித்த மீனில் பிசைந்து ஊட்டினாள். நான் காலையும் மாலையும் ஈறைப் பார்த்து எழுதினேன். வெள்ளை. வெள்ளை. லேசான சிவப்பு.

"மாடு வாங்க வந்தவராட்டம் தெனமும் பல்லப் புடிச்சுப் பாக்குறீங்களே" என்று சிரித்தாள். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

மாத்திரை முடிந்த வாரம், செவலை வாயில் ஒரு எலியோடு வாசலில் வந்து நின்றது. வால் நிமிர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் மருந்து இல்லை. ஆனால் அடுத்த வீட்டிலும் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

"குடுத்துர்றா தங்கம்" என்று அவள் கெஞ்சினாள். நான் பிடரியைப் பிடித்து எலியைப் பிடுங்கினேன். கையில் இரண்டு கீறல். செவலை என்னை ஏறிட்டும் பாராமல் அவள் மடியில் ஏறிச் சுருண்டது.

எலியை ஆழமாகப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கப் போனேன்.