குடையைக் கேட்டது யார்

மருந்துக் கம்பெனியின் அச்சுப் பிரிவில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள் இருக்கிறதே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அது அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகப் பிழை பார்ப்பது அவள் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மாத்திரை ஐந்து மாத்திரை ஆகிவிடும். பதினோரு வருடமாக எந்தத் தாளையும் நம்பாமல் இருந்துதான் அவள் நல்ல பெயர் வாங்கியிருந்தாள்.

கம்பெனிக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சமையல் மேடை விளக்கைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கை அகல அட்டையில் ஊசியால் துளையிட்டு நூலால் படம் தைப்பாள். பூ, மயில் எல்லாம் கிடையாது. பல் போன சீப்பு, வார் அறுந்த செருப்பு, சொட்டும் குழாய், இப்படி. ஆறு மணிக்கு ஊசி டப்பாவுக்குள் போய்விடும். அதே மேடையில் காய் நறுக்க ஆரம்பிப்பாள். ஏழே முக்காலுக்குக் கம்பெனி வண்டி.

தைத்த அட்டைகளைப் படம் எடுத்து 'நூல்வால்' என்ற பெயரில் இணையத்தில் போடுவாள். பிடித்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். சொந்தப் பெயரையும் முகத்தையும் எங்கும் காட்டியதில்லை. வேலைக்குச் சேரும்போது, வேறெந்தத் தொழிலும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்துப் பிரிவில் ஒருவர் விடுமுறை நாளில் டியூஷன் எடுக்கிறார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, அவர் வேலை போனதைக் கண்ணால் பார்த்தவள்.

அட்டை விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர். இன்னொருத்தி ஆபீஸில் எதிர் நாற்காலித் தோழி. அவள் சிரித்தால் மாடி வரை கேட்கும் என்பதால் வெடி என்று பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் செய்தி வந்தது. 'ஜன்னலோரம்' என்ற பெயரில் மாதம் தவறாமல் ஓர் அட்டை வாங்கும் ஆள். முகவரியாகத் தபால் பெட்டி எண் மட்டும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

"விரல்ல கட்டுப் போட்டிருந்தீங்களே, ஆறிடுச்சா ?"

அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். முந்தின நாள் காலையில்தான் ஊசி ஏறி விரலில் கட்டுப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு படமும் போடவில்லை. அப்படியென்றால் இந்த ஆள் அவளை நேரில் பார்த்திருக்க வேண்டும். தினமும் பார்க்கிற ஆளாகவே இருக்கலாம். வாங்கிச் சேர்த்த அட்டைகளெல்லாம் யாரிடமோ காட்டுவதற்கான சாட்சிகளாக இருக்கலாம்.

சாயங்காலம் கணவரைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஏங்க, நீங்கதானா அது? உண்மையைச் சொல்லுங்க."

"எனக்கு எதுக்கும்மா தபால் பெட்டி? வேணும்னா மேடையிலேர்ந்து எடுத்துக்கப் போறேன்."

சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பு ஒரு பிடி அதிகமாகப் பட்டது.

வண்டியில் யார் திரும்பிப் பார்த்தாலும் திக்கென்றது. சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது போனைத் தூக்கினால் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். மூன்று நாள் இப்படிப் போன பிறகு ஒரு யோசனை வந்தது. அடுத்த அட்டையில் வாளி தைக்கப் போவதாகக் கணவரிடம் சொன்னாள். ஆபீஸில் வெடியிடம், "கம்பி ஒடிஞ்ச குடை ஒண்ணு தைக்கப் போறேன்டீ" என்றாள். எதையும் தைக்காமல் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஜன்னலோரத்திடமிருந்து செய்தி வந்தது: "குடை எப்போ வரும் ?"

அன்று இடைவேளையில், கை கழுவும் இடத்தில் வெடியை நிறுத்தினாள்.

"யாருக்காகடீ சேர்த்து வைக்கிறே? என்னை எழுதிப் போட்டா உனக்கு என்ன கிடைக்கும்?"

வெடிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் குழாயைக்கூட மூடாமல் நின்றாள்.

"நாலு வருஷமா உன் டப்பாவுல நான், என் டப்பாவுல நீன்னு சாப்பிட்டோம். என்னைப் பார்த்தா இதைக் கேக்கறே?"

"குடைன்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அப்போ நான்தான். வச்சுக்கோ."

மறுநாள் எதிர் நாற்காலி காலி. வெடி ஜன்னல் பக்க மேசைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

வியாழக்கிழமை, அவள் பார்த்து முடித்த இருமல் மருந்துத் தாள் ஒன்று மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இரண்டு கேள்விகள்: "இந்த அளவு யாருக்கு ? பெரியவர்களுக்கா ?"

இரண்டிலும் கேள்விக்குறி சொல்லோடு ஒட்டாமல் தள்ளி நின்றது.

போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தாள். எல்லாக் கேள்விக்குறியும் அப்படியே, ஓர் எழுத்து தள்ளி. தலையை நிமிர்த்தினாள். அவளுடைய மேசைக்குப் பின்னால் கோப்பு அலமாரி; அலமாரிக்கு அந்தப் பக்கம், பாதி உயரத் தடுப்பு வைத்த அறையில் மேற்பார்வையாளரின் நாற்காலி. குடையைப் பற்றி அவள் வெடியிடம் சொன்னது இந்த இடத்தில் உட்கார்ந்துதான்.

சிரித்துப் பேசி யாரும் கண்டிராத அம்மாள் அவர். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"ஜன்னலோரம் நீங்கதானே மேடம்?"

"உக்காரும்மா."

"நின்னுக்கறேன்."

"சொந்தக்காரங்க வீட்டுல ஒரு அட்டையைப் பார்த்தேன். மேசை இழுப்பறைப் பிடி, ஒரு பக்கம் ஒடைஞ்சது. அது உன் மேசையோடதுன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நான் அதிகாரியா எழுதியாகணும். அதனால கேக்கலை. பிடிச்சிருந்தது, வாங்கினேன். சமையல்கட்டுல வரிசையா மாட்டி வச்சிருக்கேன். விரலைப் பத்தி ஏதோ ஒரு வேகத்துல கேட்டுட்டேன். அனுப்பின அப்புறம்தான் உறைச்சது."

ஒரு தாளைப் படிப்பதுபோல் அந்த முகத்தைப் படித்தாள். பிழை தெரியவில்லை. ஆனாலும் முழுசாக நம்ப மனம் வரவில்லை. இத்தனை நாள் நல்லவராக இருந்தவர் என்றைக்காவது ஒரு நாள் கோபத்தில் இருந்தால்? தன் குடுமி இவர் கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் நாளைக்குத் திருத்தச் சீட்டை எப்படி எதிர்த்துப் பேசுவது?

மறுநாள் காலை ஊசியைத் தொடாமல், மேடையிலேயே உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினாள். வேலை நேரத்துக்கு வெளியே நூல் படம் தைத்து விற்கிறேன், அனுமதி வேண்டும் என்று நாலே வரி. கணவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "போனா போகட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

கடிதத்தைக் கண்டதும் மேற்பார்வையாளர் திகைத்தார். "நான் இதைக் கேட்டேனா ?"

"கேக்கலை மேடம். ஆனா நீங்க கேக்கமாட்டீங்கன்னு தினமும் நம்பிக்கிட்டிருக்க என்னால முடியாது."

அவர் பேனாவை எடுத்து, கீழே தன் பரிந்துரையை எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று வாரம் நகத்தைக் கடித்தபடி போனது. இரண்டு தடவை மேலே கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் அனுமதி வந்தது: கம்பெனி நேரமும் கம்பெனிக் காகிதமும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

வெடியிடம் போய் நின்றதுதான் அதைவிடக் கஷ்டம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"சரி, விடு. மன்னிச்சுட்டேன்" என்றாள் வெடி, கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஆனா சாப்பாடு மட்டும் கொஞ்ச நாளைக்குத் தனியாவே சாப்பிடறேன்."

ஆண்டு விழாவன்று சாப்பாட்டுக் கூடத்தில் ஊழியர்களின் கைவேலைகளுக்கு ஒரு மேசை போட்டார்கள். முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை எழுதி வைத்து, அவள் பன்னிரண்டு அட்டைகளைப் பரப்பினாள். வருகிற ஒவ்வொருவரையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் போகவில்லை. மேற்பார்வையாளர் வந்து எல்லோருக்கும் முன்னால் ஒன்றை வாங்கிப் போனார்.

கூட்டம் குறைந்த பிறகு வெடி வந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தச் சீப்புல மூணாவது பல் கோணல்."

அவள் குனிந்து பார்த்தாள். கோணல்தான்.

"ஆமாடீ" என்றாள்.

வெடி அட்டையைக் கீழே வைக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த அட்டையை எடுத்தாள்.