கையைக் கட்டிக்கொள்ளும் வேலை

குழந்தையைத் தரையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் அதை எப்படிச் செய்வதென்று ஊரில் எல்லாருக்கும் உங்களைவிட நன்றாகத் தெரியும். என் இரண்டாவது மகள் மீனுவுக்கு மூன்று வயது. டவுன் சிண்ட்ரோம். தசைகள் தளர்ந்திருப்பதால் எல்லாம் தாமதமாகத்தான் வரும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை தரையில் கிடந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

வேலையில் சேர்ந்தது

மீனுவுக்கு ஒன்றரை வயதில், நீடாமங்கலத்திலிருந்து கும்பகோணத்துக்கு வாரம் ஒரு முறை பஸ் ஏற ஆரம்பித்தேன். அங்கே தெரபி சொல்லித்தரும் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். இழுத்து உட்காரவைக்கக் கூடாது, கையைப் பிடித்து நடத்தக் கூடாது, தானாக எந்த நிலைக்கு வருகிறாளோ அதில்தான் பலம் என்றாள். கெட்டிப் பாயை விரித்து மீனுவை மல்லாக்கப் போட்டாள். மீனு பத்து நிமிஷம் தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்தாள். நான் அடுப்பில் பால் பொங்கக்கூடப் பொறுமையாக நிற்காத ஆள். "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"ஆரம்பிச்சாச்சே மேடம். அவ வேலை பாக்குறா. நீங்கதான் நடுவுல பேசுறீங்க."

தூக்குவாளியில் வந்த பாயசம்

எங்கள் பக்கம் குழந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பலகாரம் உண்டு. குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம். மீனுவுக்கு இரண்டு வயது முடிந்ததும் பூதலூரிலிருந்து என் நாத்தனார் தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்து இறங்கினார். கூடத்தில் வயிற்றால் நகர்ந்துகொண்டிருந்தவளை அக்குளில் பிடித்துத் தூக்கி, படிக்கு அந்தப் பக்கம் வைத்து, "தாண்டிட்டா!" என்று தெருவுக்கே அறிவித்தார். எதிர்வீட்டுக்கு டம்ளர் போய்விட்டது.

"தாண்டினது நீங்க, அண்ணி. அவ வெறும் லக்கேஜ்" என்றேன்.

"அவளா தாண்டுற வரைக்கும் பால் தாங்காதும்மா."

நெல்லுக்குள் இறங்கியவள்

குறுவை அறுவடை. மழைக்குப் பயந்து வாசலில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் காயப் போட்டிருந்தோம். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் செல்வி காலால் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விட்டிருந்த மீனு, அப்போதுதான் தவழக் கற்றவள், நேராக நெல்லுக்குள் போய்விட்டாள். முழங்கால் புதைகிறது, கை வழுக்குகிறது, மூக்கு வரை நெல். கூடத்து மொசைக் தரையில் தோன்றாத யோசனையெல்லாம் அவள் உடம்புக்கு அங்கே தோன்றியது. ஒரு காலை மடக்கி ஊன்றினாள், இடுப்பைத் திருப்பினாள், குப்புற விழுந்தாள், துப்பினாள், மறுபடி ஊன்றினாள். "சிதறுது பாரு, தூக்கு அவளை!" என்று என் கணவர் கத்தினார். செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நெல்லு எங்க போயிடப் போவுது? வாரிக்கலாம். புள்ளைய வுடுங்க."

நான் செய்த மோசடி

இவ்வளவு கற்றும் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாம் காற்றில் போனது. மீனுவைவிட ஆறு மாதம் சின்னப் பிள்ளை ஒன்று நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி மீனுவைப் பார்த்து, "இவ இன்னும்..." என்று இழுத்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. மீனுவின் இரண்டு கையையும் மேலே பிடித்து, நுனிவிரலில் நிறுத்தி, பந்தி வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கான்வென்ட்டில் ஸ்கேலால் தட்டும்போது நான் எப்படி விறைப்பேனோ, அப்படி விறைத்துப்போனாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது நிறுத்தியிருப்பேன்.

அதன்பிறகு இரண்டு வாரம் மீனு தவழவே இல்லை. தரையில் விட்டால் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, யாராவது வந்து இழுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் பட்ட பாட்டை ஐந்தே நிமிஷத்தில் அழித்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கும்பகோணத்தில் அந்தப் பெண் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருக்கலாம்.

"யாருக்காக நடக்க வெச்சீங்க, மேடம்?"

மூன்றாவது வார்த்தை

மூன்றாவது வாரம் கைகள் இறங்கின. திரும்பத் தவழ்ந்தாள். போன வியாழக்கிழமை காலை நான் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருக்கும்போது, மீனு அரிசி டிரம்மைப் பிடித்தாள். ஒரு முழங்கால், ஒரு பாதம். எழுந்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி பொத். மூன்றாம் தடவை கன்னத்தை டிரம்மில் அழுத்திக்கொண்டு, கால் வெடவெடக்க, நின்றேவிட்டாள். அதோடு விட்டாளா? ஒரு கையை எடுத்தாள்.

என் மாவுக் கை தானாக அவள் அக்குளுக்குப் போனது. சத்தியமாகச் சொல்லுங்கள், உங்கள் கை போயிருக்காதா? மீனு திரும்பிப் பார்த்து, அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதுவரை அவளுக்குத் தெரிந்தது 'அம்மா', 'மம்மு' என்ற இரண்டே வார்த்தை. மூன்றாவது, படு தெளிவாக வந்தது.

"போ."

இப்படித் துரத்தியடிக்கப்படுவதற்காகவா இத்தனை நாள் இடுப்பொடியத் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டால், ஆமாம், அதற்காகத்தான்.